பாகும் பதமும்

தீபாவளியைப் பற்றிக் கட்டுரை எழுதாமல் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிய மாணவர் எவரும் இரார். அக்கட்டுரைகளில் ஒரு வாக்கியம் ஆண்டுதோறும் மாறாமல் வரும்: ‘அம்மா பலவகைப் பலகாரங்கள் செய்தார்.’ எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. ஆசிரியரும் மதிப்பெண் இட்டுவிட்டு அடுத்த ஏட்டைப் புரட்டுவார். இலக்கணத்தின்படி அவ்வாக்கியம் குற்றமற்றது. உண்மையின்படி நோக்கினால் அதில் இரண்டு குற்றங்கள் உள்ளன. ஒன்று, இக்காலத்தில் பல வீடுகளில் அம்மா பலகாரம் செய்வதில்லை. பாரிட் புந்தார்க் கடைத்தெருவிலோ ஆற்றுக்கு அப்பால் நிபோங் தெபாலிலோ பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்து வைத்திருப்பதை வாங்கி வருகிறார். மற்றொன்று, வீட்டிலேயே அடுப்பு மூட்டுகின்ற அம்மாவும் பலகாரத்தைச் ‘செய்வது’ கிடையாது. அவர் அதிரசத்தைத் தட்டுவார், சுடுவார், முறுக்கைப் பிழிவார், கைமுறுக்காயின் சுற்றுவார், சீடையை உருட்டுவார், எள்ளுருண்டையைப் பிடிப்பார், குழிப்பணியாரத்தை ஊற்றுவார், கொழுக்கட்டையை அவிப்பார், அல்வாவைக் கிண்டுவார், பூந்தியைத் தேய்ப்பார், பாகைக் காய்ச்சுவார்.

தமிழில் ‘செய்’ என்பது பொதுவினை. நாற்காலியும் செய்யலாம்; திருமணமும் செய்யலாம்; குற்றமும் செய்யலாம். கை எவ்வாறு அசைகிறது என்பதை அச்சொல் கூறாது. பிழிதல், பிடித்தல், தட்டுதல், ஊற்றுதல் என்பனவோ கையின் அசைவையும், மாவின் நெகிழ்ச்சியையும், கலத்தின் வடிவையும் ஒருங்கே உணர்த்துவன. ‘பிழி’ என்ற அளவிலேயே, அச்சின் துளை வழியாக இறங்கக்கூடியதும் இறங்கியபின் வடிவு குலையாததுமான மாவு என்பது பெறப்படும். ‘ஊற்று’ என்றால் கரண்டியிலிருந்து வழியும் மாவு. ‘தட்டு’ என்றால் இலைமேல் வைத்து விரலால் பரப்பும் மாவு. செய்முறையில் பாதி, வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. பலகாரத்தைக் கடையில் வாங்கத் தொடங்கிய வீட்டில் ‘வாங்கு’ என்னும் ஒரு வினை உள்ளே வருகிறது. இருபது வினைகள் வெளியே போகின்றன.

‘சுடுதல்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். அதிரசம் எண்ணெயில் வேகிறது. அப்பளமும் எண்ணெயில் வேகிறது. எனினும் அதிரசத்தைச் சுடுவர், அப்பளத்தைப் பொரிப்பர். நெல் வெடித்து மலர்வது பொரி; எண்ணெயில் இட்ட மாத்திரத்தில் அப்பளம் உப்பி எழுவதும் அத்தகையதே. அதிரசமோ, வடையோ, மெல்ல உள்வரை வெந்து சிவக்க வேண்டியது. இந்த வேறுபாட்டை அறியாதவர் அதிரசத்தைப் பொரிக்க முற்பட்டுப் பெருந்தீ வைத்து, மேலே கருகி உள்ளே பச்சையாக எடுப்பர். சொல் தவறினால் தீயும் தவறுகிறது.

கரும்பு கண்ட வட்டாரம்

பாரிட் புந்தார் பேரா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்தில் உள்ளது. கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் கெடாவின் பண்டார் பாரு. சற்று அப்பால் பினாங்கின் நிபோங் தெபால். ‘பாரிட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்பது பொருள். இன்று இவ்வட்டாரத்தைக் காண்பார்க்கு நெல்வயலும் செம்பனையுமே கண்ணில் படும். ஆயினும் தமிழர் இப்பகுதிக்கு முதன்முதல் திரளாகக் கொண்டுவரப்பட்டது நெல்லுக்காக அன்று, ரப்பருக்காகவும் அன்று. கரும்புக்காகவே.

அந்நாளில் புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்ட இன்றைய செபராங் பிறையில், 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்கள் அமைத்து, தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினர். 1880-களில் கரும்பு ஆற்றைத் தாண்டிக் கிரியானிலும் பரவியது. சேற்றிலும் கொசுக்கடியிலும் கரும்பு வெட்டியோர் பெற்ற கூலி சிறிது. அத்தோட்டங்களில் மாண்டோர் தொகை பெரிது. அவர்கள் வெட்டிய கரும்பு ஆலையில் வெண்சீனியாகிக் கப்பலேறிற்று. பின்னர் ரப்பரின் விலை ஏறியது. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910 இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு மறைந்து ரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது. நிபோங் தெபால் பக்கத்துக் கலிடோனியா, பைராம் முதலிய தோட்டங்கள் கரும்பில் தொடங்கி ரப்பருக்கு மாறியவையே. நெல்லின் கதை வேறு. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கூடிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906 இல் நிறைவேறியது. மலாயாவில் அரசினர் அமைத்த முதற் பெரும் பாசனத் திட்டம் அதுவே. மலாய்க்காரரும் பஞ்சார் மக்களும் அவ்வயல்களில் பாடுபட்டனர்.

இதே மாவட்டத்தில் கோலா குலா என்னும் கடலோரச் சிற்றூர் ஒன்று உண்டு. மலாயில் ‘குலா’ என்றால் சீனி. அச்சொல் வடமொழிக் ‘குட’, ‘குள’ என்பதிலிருந்து வந்தது. தமிழிலும் ‘குளம்’ என்னும் சொல்லுக்கு வெல்லம் என்னும் பொருள் உண்டு என்பதை அகராதியில் காணலாம். வழக்கில் நீர்நிலையே எஞ்சி நின்றுவிட்டது. ‘சர்க்கரை’ வடமொழிச் ‘சர்க்கரா’வோடு உறவுடையது, அராபியர் வாயில் ‘சுக்கர்’ ஆகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் அதுவே சென்றது. பழந்தமிழர் வழங்கிய ‘அக்காரம்’ இன்று அக்காரவடிசிலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மலேசியத் தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘சீனி’யோ சீன நாட்டின் பெயரைச் சுமந்து வந்தது. ஆக, ஒரு கரண்டி இனிப்புக்குள் நான்கு நாட்டு வழித்தடம் இருக்கிறது. மலாயிலிருந்து தமிழுக்கு வந்தவற்றைப் பேசும்போது தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற ‘அப்பம்’, ‘புட்டு’ என்பவற்றையும் மாணவர்க்குச் சொல்லலாம். ‘அப்பாம்’, ‘புத்து’ என அவை அங்கே வாழ்கின்றன. மலாயரின் ‘தெந்தெராம்’ என்னும் பணியாரமும் அரிசிமாவையும் பனை அல்லது தென்னஞ் சர்க்கரையையும் பிசைந்து எண்ணெயில் இடுவது. அதிரசத்துக்கு அது நெருங்கிய உறவு.

அதிரசம் என்னும் தேர்வு

தீபாவளிப் பலகாரங்களுள் கைத்திறனைச் சோதிப்பது அதிரசமே. வேண்டிய பொருள் இரண்டு: பச்சரிசி, வெல்லம். பொருள் குறையக் குறையத் திறன் மிகுதியாக வேண்டப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அடுக்களையில் இல்லை. தெலுங்கர் அரிசெலு என்றும், கன்னடர் கஜ்ஜாய என்றும், மராட்டியர் அனார்சா என்றும், ஒடியர் அரிசா பிட்டா என்றும் இதன் இனத்தையே வழங்குவர். கொங்கு நாட்டார் கச்சாயம் என்பர். திருமலை திருப்பதிக் கோயிலின் 15, 16 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, சுகியன்படி, மனோகரப்படி என நிவேதனங்களுக்குக் கட்டளைகள் காணப்படுகின்றன. ஆகவே குறைந்தது ஐந்நூறு ஆண்டுகளாக இதன் பெயர் மாறவில்லை.

சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் தீபாவளியை ஒட்டிக் கேதாரகௌரி நோன்பு நோற்கும் வழக்கம் உண்டு. நோன்புக்கு 21 அதிரசம் படைப்பர். படையலுக்குரியதைக் கடையில் வாங்குவதற்கு மனம் ஒப்பாது. முறுக்கை வாங்கத் துணிந்த வீடுகளிலும் அதிரசம் மட்டும் நெடுங்காலம் வீட்டிலேயே நிலைத்து நின்றமைக்கு இது ஒரு காரணம்.

இனி, முறையைப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பெருவழக்கான அளவு. தோட்டத்து லயங்களில் தராசு ஏது? பால் டின்னே அளவை. அரிசியைக் களைந்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். உலர்த்துவது என்றால் காயவைப்பது அன்று. கைவைத்தால் ஈரம் தோன்ற வேண்டும். கையில் நீர் ஒட்டக் கூடாது. இந்த நிலையில் எடுத்து இடித்துச் சலிக்க வேண்டும். சலித்த மாவை உள்ளங்கையில் இறுகப் பிடித்தால் கட்டியாக நிற்கும். விரலால் தட்டினால் உதிரும். மாவின் பதம் அதுதான்.

தமிழகத்தில் எழுதப்பட்ட குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றுவோர் இவ்விடத்தில்தான் இடறுவர். வட பேராவில் தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழைமிகு மாதங்கள். காற்றே ஈரமாக இருக்கும்போது அரை மணியில் உலர வேண்டிய அரிசி இரண்டு மணியாகியும் உலராது. கடிகாரத்தை நம்பாமல் கையை நம்ப வேண்டும். மறுபுறம், கடையில் விற்கும் உலர்ந்த அரிசிமாவைக் கொண்டு அதிரசம் தட்ட முயல்வோரும் உளர். அம்மாவு ஈரமற்றது, பாகில் உள்ள நீரையெல்லாம் தானே உறிஞ்சிக்கொள்ளும், தட்டும்போது ஓரம் வெடிக்கும், சுட்டபின் கடிக்க முடியாது. ‘அதிரசம் எனக்கு வரவே வராது’ என்று கைவிட்ட இளம்பெண்கள் பலருடைய தோல்விக்கு அவர்கள் கை காரணம் அன்று. மாவுப் பொட்டலமே காரணம்.

வெல்லத்தைத் தட்டிச் சிறிது நீர் விட்டுக் கரைத்து, மண்ணும் துரும்பும் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றிக் காய்ச்ச வேண்டும். அரிசி நனைந்து எடுத்தது. இனி அடுப்பங்கரையில் காலம் நிமிடக் கணக்கில் ஓடும்.

பதம் என்னும் சொல்

தமிழாசிரியர்க்குப் ‘பதம்’ என்றவுடன் நன்னூலின் பதவியல் நினைவுக்கு வரும். அங்கே பதம் என்பது சொல். அடுக்களையில் பதம் என்பது பக்குவம். பழைய வழக்கில் சோற்றுக்கும் பதம் என்றே பெயர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி அப்பொருளை இன்றும் விளிம்பில் தாங்கி நிற்கிறது. பாகின் பதங்களுக்குத் தமிழ்ப் பெண்டிர் இட்ட பெயர்கள் ஒரு தனி அளவுகோலாக அமைந்துள்ளன.

நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை உயரும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிச் செறிவு கூடும். செறிவு கூடக் கூடக் கொதிநிலை மேலும் ஏறும். ஆகவே பாகின் வெப்பநிலையை அறிந்தால் அதில் எஞ்சிய நீரின் அளவு தெரிந்துவிடும். மேனாட்டுச் சமையலார் இதற்கு வெப்பமானியைப் பாகில் நாட்டுவர். நம் பெண்டிர் இரு விரலையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அதே உண்மையைக் கண்டனர்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒட்டிப் பிரித்தால் பிசுபிசுப்பு மட்டும் தோன்றுவது பிசுக்குப் பதம்; குலாப்ஜாமுனை ஊறப்போட அது போதும். ஒரு நூல் போல நீண்டு அறாமல் நிற்பது கம்பிப் பதம். ஏறக்குறைய 106 முதல் 110 பாகை. அதற்குமேல் போனால், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டும்போது கரையாமல் மெத்தென்று உருளும்; இதனை உருட்டுப் பதம் என்பர். ஏறத்தாழ 112 முதல் 116 பாகை வரை. பாகில் அப்போது எடையில் 85 விழுக்காட்டளவு சர்க்கரையே இருக்கும். அதிரசத்துக்கு உரியது இந்த நிலையின் தொடக்கம். சிலர் அதனைத் தக்காளிப் பதம் என்பர்: பழுத்த தக்காளியைத் தொட்டால் எப்படி அமுங்குமோ அப்படி. 112 என்ற எண்ணை மறந்தவர் உண்டு. பழுத்த தக்காளியைத் தொட்டதை மறந்தவர் இல்லை. இன்னும் காய்ச்சினால் உருண்டை கெட்டியாகும். அதனினும் மேலே 130 பாகையைத் தாண்டிப் போனால், திரட்டிய உருண்டையைத் தட்டில் எறிகையில் ‘டங்’ கென்று ஒலிக்கும். பொரியுருண்டைக்கும் மனோகரத்துக்கும் அந்தக் கெட்டிப் பாகு வேண்டும். அதையும் கடந்து நிறம் கறுத்துக் கசப்பேறினால் ‘பாகு முறுகிவிட்டது’ என்பர். முறுகுதல் என்னும் இவ்வினையை, முறுக்கு என்னும் பெயரோடு மாணவர் குழப்பிக்கொள்வதுண்டு. முறுக்கு திரிப்பதால் வந்த பெயர்.

கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் இடைவெளி சில பாகைகளே. கொதிக்கும் பாத்திரத்தில் அந்த இடைவெளியைக் கடக்க நெடுநேரம் ஆகாது. பாகு இளைத்தால், மிஞ்சிய நீர் எண்ணெயில் ஆவியாகிச் சீறும். அதிரசம் பிரிந்து எண்ணெயோடு கலந்துவிடும். பாகு முதிர்ந்தால், அதிரசம் கல். விறகடுப்பில் இதனைச் செய்தோர் திறம் வியக்கத்தக்கது. தோட்டங்களில் ரப்பர் விறகே எரிபொருள். அது கொழுந்துவிட்டு எரியும். திருகு விசை இல்லாத அவ்வடுப்பில், பதம் நெருங்கும்போது கொள்ளியை வெளியே இழுத்துத் தீயைத் தணிப்பர். காலையில் பால்மரம் சீவி, நண்பகலில் பாலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த கைகளே மாலையில் உலக்கை பிடித்தன. ஒரு வீட்டு மாவை நான்கு வீட்டார் மாறி மாறி இடிப்பர். மறுநாள் அடுத்த வீட்டில். சிறுமிகள் கிண்ணத்தில் தண்ணீர் ஏந்தி நிற்பர். பதம் என்னும் பாடம் அங்கேதான் நடந்தது.

பதம் கண்டவுடன் பாகை இறக்கி, ஏலம், சுக்கு, வறுத்த எள் இட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். மாவு முழுவதையும் கொட்டிவிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கலவை தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் ஆற ஆற அரிசிமாவு பாகை உள்வாங்கி இறுகும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாளேனும், இயன்றால் இரண்டு மூன்று நாள், வைப்பர். இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு அன்றே சுடுவோரின் அதிரசம் பெரும்பாலும் உதிரும். பின்னர், நெய் தடவிய வாழையிலையில் தட்டி, மெல்லிய தீயில் சுட்டு, எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கிடையே வைத்து அழுத்தி எண்ணெயை வெளியேற்ற வேண்டும்.

வெல்லத்தைப் பற்றி இரு செய்திகள். வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையோடு குளுக்கோசும் பிரக்டோசும் சிறிது கலந்திருக்கும். அவை பாகு மீண்டும் படிகமாக உறைவதைத் தடுக்கும். வெண்சீனியில் அவை இல்லை. சீனிப்பாகு ஆறும்போது பூத்துப்போவது அதனால்தான். சீனிப்பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடும் வழக்கத்தின் காரணமும் இதுவே. புளிப்பு, சீனியில் ஒரு பகுதியைப் பிளந்து அவ்விரண்டையும் உண்டாக்கிவிடுகிறது. அடுத்த செய்தி, இனிப்பைக் குறைப்பது பற்றியது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதியாக இருத்தலின் ‘வெல்லத்தைப் பாதியாக்கினால் என்ன?’ என்று கேட்போர் உளர். அதிரசத்தில் வெல்லம் இனிப்புக்காக மட்டும் இல்லை. மாவைப் பிணைத்து நிறுத்தும் பசையும் அதுவே. பாதியாக்கினால் அதிரசம் நில்லாது. பாதி வெல்லத்தில் முழு அதிரசம் உண்ண முயல்வதினும், முழு வெல்லத்தில் பாதி அதிரசத்தோடு எழுந்துவிடுவது அறிவுடைமை.

பிற பலகாரங்கள்

மற்றவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வினையே முடிச்சு என்பதைக் காட்டினால் போதும். அச்சுமுறுக்கு மலேசியத் தீபாவளியின் நீங்காத பலகாரம். அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்ந்த கரைசலில் அச்சை முக்கி எண்ணெயில் அமிழ்த்துவர். ‘முக்கு’ என்பதில் எல்லை இருக்கிறது. அச்சின் மேல்விளிம்பைக் கரைசல் மூடிவிடுமாறு முழுக்கிவிட்டால், வெந்தபின் கழலாது. அச்சு குளிர்ந்திருந்தால் மாவு ஒட்டாது. எனவே முதலில் எண்ணெயில் காயவைக்க வேண்டும். மலாயர் இதற்கு ‘கோயாங்’ என்று பெயரிட்டிருப்பதும் ஒரு வினையே: அச்சை ஆட்டிக் கழற்றுதல்.

நெய்யுருண்டை, வறுத்தரைத்த பாசிப்பயற்று மாவோடு பொடித்த சீனி கலந்து, காய்ச்சிய நெய்யைச் சூட்டோடு ஊற்றிப் பிடிப்பது. நெய் இளகியிருக்கும்போதே பிடிக்க வேண்டும்; ஆறினால் நெய் உறையும், அதற்குமுன் உருண்டை உருவாகியிருக்க வேண்டும். உள்ளங்கை சிவக்காமல் நெய்யுருண்டை பிடித்தவர் இல்லை.

இந்தப் ‘பிடித்தல்’ இன்று நேற்று வந்த வழக்கு அன்று. மதுரைக்காஞ்சியில், அல்லங்காடிப் பகுதியில், தேனடை போன்ற மெல்லடையும் பூரணம் உள்ளிட்ட மோதகமும் விற்கும் கூவியர், இரவு முதிர்ந்தபோது தம் பண்டத்தின் பக்கத்திலேயே உறங்கிப் போகின்ற காட்சி வருகிறது. அவ்விடத்தில் மோதகத்துக்குப் புலவர் இட்ட வினை பிடித்தல். பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் வருகின்றனர். அங்கும் பாகோடு சேர்ந்து வரும் வினை அதுவே. 1889 இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது இவ்வடிகளுக்குப் பொருள் காண்பதில் பெண்டிர்க்கு இடர்ப்பாடு இருந்திராது. இன்று வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘பிடித்த’ என்பதற்கு ‘விரும்பிய’ என்று மாணவர் பொருள் கூறக் கேட்டுத் திகைக்க நேரிடும். மாணவரை நொந்து பயனில்லை. கொழுக்கட்டையைப் பிடிக்கும் கையை அவர் கண்டதில்லை. ‘எனக்குப் பிடித்த பலகாரம்’ என்னும் தலைப்பை மட்டுமே கண்டிருக்கிறார்.

லயத்திலிருந்து தாமானுக்கு

கிரியானிலும் அண்டையிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் போயின. லயத்தார் தாமான்களில் சிதறிக் குடியேறினர். உரல் பின்வாசலில் பூச்செடித் தொட்டியாயிற்று. உரலைக் குறைகூறிப் பயனில்லை; பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்கின்றனர்; நான்கு வீட்டார் கூடி இடிக்க நேரமும் இல்லை, நான்கு வீட்டாரும் அருகில் இல்லை. உலக்கை பிடித்த தாயின் முதுகுவலியை மறந்துவிட்டு அந்நாளைப் புகழ்வது நேர்மையும் ஆகாது.

தொழில் அடியோடு அழிந்துவிட்டது என்பதும் உண்மை அன்று. ஒவ்வோர் ஊரிலும் ஓரிரு பெண்மணிகள் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சொல்லிவைத்தவர்க்குச் சுட்டுக் கொடுத்துப் பொருள் ஈட்டுகின்றனர். அது நல்ல பிழைப்பு. பலகாரமும் நன்றாகவே இருக்கிறது. முன்னர் நூறு வீட்டில் இருந்த பதம் இப்போது இரண்டு வீட்டில் இருக்கிறது என்பதுதான் செய்தி. அவ்விருவர்க்குப் பின் கிண்ணம் ஏந்தி நிற்பவர் யார் என்பதற்கு விடை கிடைத்தபாடில்லை.

தமிழாசிரியர் செய்யக்கூடியது சிறிதாயினும் உண்டு. ‘தீபாவளி’ என்று தலைப்பிடுவதற்குப் பதிலாக, ‘எங்கள் பாட்டி பாகு காய்ச்சிய விதம்’ என்று இட்டு, பாட்டியிடம் கேட்டு எழுதி வருமாறு பணிக்கலாம். ‘செய்தார்’ என்னும் சொல்லை அக்கட்டுரையில் ஓரிடத்திலும் வழங்கக் கூடாது என்பது ஒன்றே விதி. மாணவர் வேறு வினை தேடித் தவிப்பர்; தேடித்தான் ஆக வேண்டும். பொதுவினைக்கும் சிறப்புவினைக்கும் உள்ள வேறுபாட்டை அதனினும் நன்றாக எந்த இலக்கண நூலும் விளக்காது. இயலுமாயின் பள்ளியிலேயே ஒரு மாலை வெல்லம் காய்ச்சி, வெப்பமானியை ஒரு பக்கமும் தண்ணீர்க் கிண்ணத்தை மறு பக்கமும் வைத்து, எது முதலில் பதம் சொல்கிறது என்று பார்க்கலாம். அறிவியல் ஆசிரியரும் அதில் கலந்துகொள்ளத் தடையிராது. சுடும் பாகு கையில் தெறித்தால் ஆழமாகப் புண்படுத்தும். ஆகவே அடுப்பருகில் நிற்பவர் பெரியவராகவே இருத்தல் வேண்டும்.

முதன்முறை முயல்வோர்க்கு ஒரு குறிப்பு. மாவு முழுவதையும் தட்டிவைத்துவிட்டு எண்ணெய் காயவைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் தட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும். அது பிரிந்தால், கலவையில் சிறிது ஈர அரிசிமாவைச் சேர்த்துப் பிசைந்து மறுபடியும் ஒன்றைச் சுடலாம். இறுகிக் கிடந்தால் சிறிது வெந்நீரோ பாலோ தெளித்துப் பிசையலாம். இரண்டு முறையும் கைகூடவில்லை என்றால் மனம் தளர வேண்டியதில்லை. அக்கலவையோடு மசித்த வாழைப்பழமும் கோதுமை மாவும் சேர்த்து நீர் விட்டுக் கரைத்துக்கொள்வர். குழிக்கல்லை அடுப்பேற்றி, தட்ட வந்த மாவை ஊற்றிப் பணியாரமாக எடுத்துவிடுவர். நோன்புப் படையலுக்கு அது ஆகாது. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சூடாகக் கொடுக்கலாம்.